ஏற்காடு அடிவாரத்துப் பட ஆலை

1930களின் தொடக்கத்தில் தமிழில் பேசும் படம் எடுக்க ஆசைப்பட்டவர் முதலில் ரயில் டிக்கெட்டுக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ பம்பாயில் இம்பீரியல் கம்பெனியின் ஸ்டூடியோவில் உருவானது. அதற்குப் பின்வந்த படங்களுக்காகவும் நடிகர்கள், பாடகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், உடுப்புப் பெட்டிகள் என ஒரு நாடகக் கம்பெனியே மூட்டை கட்டிக்கொண்டு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போயிற்று. அங்கே படத்தை இயக்குபவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. ஸ்டூடியோ வாடகை நாள் கணக்கில் ஏறும். வசனம் மறந்துபோன நடிகரால் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் முதலாளியின் மடியைத்தான் கடிக்கும். சென்னையிலேயே ஒலிப்படம் எடுக்க வழி பிறந்தது 1934இல், ஏ. நாராயணன் சீனிவாசா சினிடோனைத் தொடங்கிய பிறகு.

இந்தக் கணக்கை உற்றுப் பார்த்தவர்களில் ஒருவர் திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். தமிழ் சினிமா உலகில் டி.ஆர். சுந்தரம்; சேலத்துக்காரர்களுக்கு டி.ஆர்.எஸ். 1907இல் நெசவுத் தொழில் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சென்னையில் பட்டம் பெற்று, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பினார். குடும்பத்து நூல், துணி வியாபாரத்தில் உட்கார வேண்டியவர், சேலத்தில் இயங்கிய ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் வேலாயுதம் பிள்ளையோடு கூட்டுச் சேர்ந்தார். ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’, ‘நல்லதங்காள்’ முதலிய அந்நிறுவனத்துப் படங்களின் வழியாகப் படத் தொழிலின் உள்விவகாரம் அவருக்குப் பிடிபட்டது. காசு எங்கே போகிறது என்பதும் தெரிந்தது. வாடகைக்கும் பயணத்துக்கும் போகும் பணத்தைச் சொந்த இடத்தில் போட்டால் என்ன என்ற கேள்வியின் விடைதான் மாடர்ன் தியேட்டர்ஸ். 1935இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்காக, சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலையடிவாரத்தில் ஸ்டூடியோ எழுந்தது. முதல் படம் ‘சதி அகல்யா’ 1937இல் வெளிவந்தது.

சேலத்தில் ஏன் ஸ்டூடியோ என்று இன்று கேட்கத் தோன்றும். அன்று அது விநோதமே அல்ல. கோயமுத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பின்னர் பட்சிராஜாவும் இருந்தன. மதுரையில் சித்ரகலா மூவிடோன் இருந்தது. சிங்களத்தின் முதல் பேசும் படமான ‘கடவுணு பொரொந்துவ’ 1947இல் அங்கேதான் எடுக்கப்பட்டது. பருத்தியும் நூலும் ஜவுளியும் பணத்தைக் குவித்த ஊர்களில், அந்தப் பணத்தில் ஒரு பங்கு சினிமாவுக்குள் இறங்கிற்று. தமிழ் சினிமா என்றாலே கோடம்பாக்கம் என்று ஆனது பிற்பாடு. முதல் இருபது ஆண்டுகளில் அதற்குப் பல ஊர்கள் வாய்த்திருந்தன. அந்த ஊர்களில் நீண்ட காலம் தாக்குப்பிடித்தது சேலம்.

சுந்தரம் சினிமாவுக்குக் கொண்டுவந்த புதுமை கலையைச் சேர்ந்ததல்ல, மில்லைச் சேர்ந்தது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், பிலிம் கழுவும் லேப், எடிட்டிங் அறை, தச்சுப் பட்டறை, உடுப்பு அறை, நடிகர் தங்கும் விடுதி எல்லாம் ஒரே மதில்சுவருக்குள். இயக்குநரிலிருந்து லைட்பாய் வரை பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். ஒரு தளத்தில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படத்துக்கான செட்டைத் தச்சர்கள் அறுத்துக்கொண்டிருப்பார்கள். தறி நிற்கக் கூடாது என்பது நெசவுக்காரரின் முதல் பாடம். தளம் காலியாகக் கிடக்கக் கூடாது என்பது அதன் சினிமா வடிவம். கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸும் பூனாவின் பிரபாத்தும் பம்பாய் டாக்கீஸும் இதே மாதச் சம்பள முறையில்தான் இயங்கின. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களும் அப்படியே. ஆனால் அவற்றுக்கு ஒரு ‘பாணி’ இருந்தது. பிரபாத் படம் என்றால் இப்படி இருக்கும், நியூ தியேட்டர்ஸ் படம் என்றால் அப்படி இருக்கும் என்று ரசிகர் சொல்லிவிடலாம். மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அப்படி ஒரு பாணியே கிடையாது. புராணம், மாயாஜாலம், துப்பறியும் கதை, சீர்திருத்தம், போர்ப் பிரச்சாரம் என்று எது ஓடுமோ அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் என ஏழு மொழிகள். விமர்சகர்கள் இந்த நிறுவனத்தை அதிகம் கண்டுகொள்ளாததற்கு இந்தப் பாணியின்மையும் ஒரு காரணம். அது நியாயமான காரணம் அல்ல.

மலையாள சினிமாவின் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1938 ஜனவரியில் வெளிவந்த ‘பாலன்’ மலையாளத்தின் முதல் பேசும் படம். தயாரித்தது சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ், இயக்கியவர் எஸ். நொட்டானி, ஒளிப்பதிவு செய்தவர் ஒரு ஜெர்மானியர், எழுதியவர் முதுகுளம் ராகவன் பிள்ளை. ஆலப்புழையில் குஞ்சாக்கோ உதயா ஸ்டூடியோவைத் தொடங்க 1947 ஆயிற்று. அதுவரை, சில ஆண்டுகள் முன்பு தமிழனுக்குக் கல்கத்தா எப்படியோ அப்படியே மலையாளிக்குத் தமிழ்நாடு. மலையாளத்தின் முதல் முழு நீள வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் 1961இல் இதே சேலத்து நிறுவனம் தந்ததுதான். ஒரு மொழியின் முதல் குரலையும் முதல் வண்ணத்தையும் அண்டை மாநிலத்து ஜவுளிக் குடும்பத்துக்காரர் ஒருவர் தயாரித்தார் என்பது இந்திய சினிமாவில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத செய்தி.

1940இல் வந்த ‘உத்தம புத்திரன்’ சுந்தரமே இயக்கியது. அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய அந்தப் படத்தில் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். தமிழில் அதுவே முதல் இரட்டை வேடப் படம். இரண்டு சின்னப்பாக்களை ஒரே சட்டகத்தில் காட்ட அக்காலத்தில் லென்சின் பாதியை மறைத்துப் படம் பிடித்து, அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியைத் திறந்து மீண்டும் பிடிப்பார்கள். இடையில் கேமரா இம்மி அசைந்தாலும் நடுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். இவ்வகைத் தந்திரக் காட்சிக்குத் தேவைப்படுவது நட்சத்திரம் அல்ல, அவசரப்படாத தொழில்நுட்பக் கூட்டம். சொந்த லேபும் சொந்தத் தளமும் இருந்த இடத்தில்தான் அந்த நிதானம் சாத்தியம். 1958இல் சிவாஜி கணேசனை வைத்து வந்த ‘உத்தம புத்திர’னைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்குச் சின்னப்பாவின் படம் நினைவிருந்ததோ! 1942இல் நாடகாசிரியர் சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை ‘மனோன்மணி’ என்று பெரும் செலவில் படமாக்கியபோதும் சின்னப்பாதான் நாயகன், உடன் டி.ஆர். ராஜகுமாரி.

போர்க்காலம் வந்தது. கச்சா பிலிம் ரேஷனுக்குப் போயிற்று. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்கும்படி தயாரிப்பாளர்கள் மீது நெருக்கடி. கே. சுப்பிரமணியம் ‘மானசம்ரட்சணம்’ எடுத்தார், ஜெமினி ‘கண்ணம்மா என் காதலி’ எடுத்தது, சேலம் ‘பர்மா ராணி’ எடுத்தது. மூன்றும் 1945இல் வந்தவை. பர்மா ராணியை இயக்கிய சுந்தரம், ஜப்பானிய அதிகாரியாக வில்லன் வேடத்தையும் தானே போட்டார். பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் அப்போது கிராமத்துக்குக் கிராமம் இருந்தன. அரசின் நெருக்கடியில் பிறந்த படமானாலும் அந்தக் கதைக்குக் கேட்கக் காது காத்திருந்தது.

எல்லாவற்றிலும் பேர்போனது 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. கதை மட்டும் வேறு நூல்களின் வழியே தங்கிவிட்டது. கொள்ளைக்காரனை மணந்த பெண், தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனைத் தள்ளிக் கொன்றாள் என்பது கதை. அந்தப் பெளத்தக் காப்பியத்தின் எலும்பை எடுத்து மு. கருணாநிதி ஓர் அரசியல் நாடகம் எழுதியிருந்தார். அரசனை ஆட்டிவைக்கும் ராஜகுரு, பகலில் பெரிய இடத்துப் பிள்ளையாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் திரியும் அவன் மகன், நியாயத்துக்காக வாளெடுக்கும் தளபதி. தளபதி வேடம் எம்.ஜி.ஆருக்கு. ராஜகுருவாக எம்.என். நம்பியார், மகனாக எஸ்.ஏ. நடராஜன், மந்திரி குமாரியாக மாதுரி தேவி. இசை ஜி. ராமநாதன். இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். 1935இல் இந்தியா வந்து, தமிழ் பேசத் தெரியாமலேயே ‘சதிலீலாவதி’, ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’ என்று தமிழ்ப் படங்களை இயக்கியவர். அவர் 1950இல் நாடு திரும்பிவிட, மீதியை முடித்தவர் சுந்தரம். இயக்குநர்களாக இருவர் பெயரும் படத்தில் உண்டு.

ஓர் அமெரிக்கர், ஒரு திராவிட இயக்க எழுத்தாளர், ஒரு ஜவுளி முதலாளி, ஒரு பழைய பெளத்தக் கதை. இவர்கள் ஒன்றாகச் சேர்ந்ததற்கு இலட்சியம் காரணமா? சுந்தரம் எந்தக் கொடியையும் தூக்கியதாகத் தெரியவில்லை. அதே 1950இல் அவர் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்த’த்தை ‘பொன்முடி’ என்றும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலை ‘திகம்பர சாமியார்’ என்றும் எடுத்திருக்கிறார். சாமியாராக வந்த நம்பியார் பதினோரு மாறுவேடம் போட்டார். பாட்டுக்காகப் படம் பார்த்த கூட்டம் வசனத்துக்காகப் பார்க்கத் தொடங்கிவிட்டதை மோப்பம் பிடித்தவர் சுந்தரம். வசனம் எழுதத் தெரிந்தவர்கள் எந்த மேடையில் இருந்தார்களோ அந்த மேடையிலிருந்து அழைத்துவந்தார். 1951இல் ‘சர்வாதிகாரி’க்கு ஏ.வி.பி. ஆசைத்தம்பி, 1953இல் ‘திரும்பிப் பார்’ படத்துக்குக் கருணாநிதி, 1954இல் ‘இல்லற ஜோதி’க்குக் கண்ணதாசன். கண்ணதாசன் அந்த நிறுவனத்துக் கதை இலாகாவில் வேலை பார்த்தவர். மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய ‘சண்டமாருதம்’ பத்திரிகையிலும் ஆசிரியராக இருந்தார். சம்பளப் பட்டியலில் கவிஞனுக்கும் ஓர் இடம் வைத்திருந்த ஆலை அது.

இந்த ராஜா ராணிப் படங்களைப் பார்த்தவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் என்று ஓர் ஊர். குன்றின் மேல் பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்க்கப் புறப்பட்ட செஞ்சியின் தேசிங்கு ராஜா கடைசியாகக் கும்பிட வந்தபோது, போகாதே என்பதுபோலச் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அந்த வட்டாரத்துக் கதை. இருபத்திரண்டு வயதில் மாண்ட அந்த ராஜாவை, அவன் குதிரையை, உயிர்கொடுத்த முஸ்லிம் நண்பனைத் தென்னாற்காட்டு, வடாற்காட்டுக் கிராமங்கள் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் இருநூறு ஆண்டுகள் கேட்டிருந்தன. 1960இல் கிருஷ்ணா பிக்சர்ஸ் எம்.ஜி.ஆரை வைத்து ‘ராஜா தேசிங்கு’ எடுத்தது. அது சேலத்துப் படமல்ல. ஆனால் சேலம் பதினைந்து ஆண்டுகளாக எந்தப் பசிக்குச் சோறு போட்டதோ, அந்தப் பசி சிங்கவரம் மாதிரி ஊர்களில்தான் இருந்தது. வாள், குதிரை, துரோகம், சபதம் எல்லாம் அவர்களுக்குப் பழகிய சரக்கு. டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்தவருக்கு எம்.ஜி.ஆர். கூத்தின் கட்டியக்காரனுக்குப் பின்னால் வரும் ராஜாவாகவே தெரிந்திருப்பார்.

நிஜக் கோட்டை செஞ்சியில் நின்றுகொண்டிருக்க, சினிமாவின் கோட்டைகளைத் தச்சர்கள் பிளைவுட்டிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் கட்டியதற்குக் காரணம் எளியது. ஒலியோடு படம் பிடிக்கும் அக்காலத்துக் கேமராவும் விளக்குகளும் ஜெனரேட்டரும் மலையேறும் சாமான்கள் அல்ல. தளத்துக்குள் கட்டிய கோட்டையில் காற்று வசனத்தைக் கெடுக்காது, மேகம் வெயிலை மறைக்காது. வேலை முடிந்ததும் அதே சுவருக்கு வேறு வண்ணம் பூசினால் தமிழ் நாட்டு அரண்மனை பாக்தாத் ஆகிவிடும்.

பாக்தாத் ஆகவும் செய்தது. 1956 பொங்கலுக்கு வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம். பெல்ஜியத்து கேவர்ட் நிறுவனத்தின் பிலிமில் எடுத்த கேவாகலர். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். இதே கதை இரண்டு ஆண்டுகள் முன்பு இந்தியில் ஓடியிருந்தது. ஓடிய கதையை வாங்கிப் புது மெருகு போடுவதில் சுந்தரத்துக்கு வெட்கமே கிடையாது. வண்ணத்துக்கு விளக்கொளி கூடுதலாக வேண்டும், உடுப்பும் செட்டும் புதிதாகத் தைக்கவும் தீட்டவும் வேண்டும், ஒரு தவறுக்கு விலை பல மடங்கு. கோடம்பாக்கத்துப் பெரிய முதலாளிகள் தயங்கிக்கொண்டிருந்த காரியத்தில் முதலில் கை வைத்தவர் சேலத்துக்காரர். அதற்கு முன்பு 1952இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தையும் அவர் தயாரித்திருந்தார்.

அலிபாபாவைப் பற்றிச் சேலத்தில் ஒரு கதை உலவுகிறது. படப்பிடிப்பின் கடைசியில் நாயகன் சொன்ன நாளில் வந்து சேரவில்லையாம். முதலாளி காத்திருக்காமல் டூப் போட்டு மிச்சத்தை எடுத்து முடித்துவிட்டாராம். நடந்ததோ இல்லையோ, சுந்தரத்தைப் பற்றி மக்கள் நம்ப விரும்பியது இதுதான். மணி அடித்தால் வேலை, தாமதமாக வந்தால் யாராக இருந்தாலும் விசாரணை. அவருடைய கண்டிப்பைப் புகழ்ந்து எழுதாத சினிமா நினைவுக் கட்டுரை இல்லை. புகழ்ந்தவர்கள் எல்லாரும் பின்னாளில் பெரிய ஆளானவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த மதில்சுவருக்குள் இருபது, முப்பது ஆண்டுகள் செட் சுமந்தவர், பிலிம் கழுவியவர், துணை நடிகையாக நின்றவர் அந்தக் கண்டிப்பை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்று எழுதிவைத்தவர் அநேகமாக இல்லை. ஆய்வாளர்கள் போகாத வழி அது.

1963 ஆகஸ்டு 30 அன்று சுந்தரம் காலமானார். வயது 56.

அங்கிருந்து கதை வேறு வேகத்தில் ஓடுகிறது. மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். கையில் பெரிய நட்சத்திரம் இல்லாததால் புதிய நாயகன் ஜெய்சங்கரை வைத்துக் குறைந்த செலவில், குறுகிய நாளில் துப்பறியும் படங்களை எடுத்துத் தள்ளினார். ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘சி.ஐ.டி. சங்கர்’, ‘கருந்தேள் கண்ணாயிரம்’. தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று ஜெய்சங்கருக்குப் பேர் வந்ததில் சேலத்துக்குப் பெரும் பங்குண்டு. அலட்சியப்படுத்த வேண்டிய படங்கள் அல்ல அவை. இன்றும் தொலைக்காட்சியில் ஓடினால் பார்க்க உட்காருவோர் இருக்கிறார்கள். ஆயினும் தளத்தைக் காலியாக விடாமல் பார்த்துக்கொள்ளும் பழைய மில் தர்மம் அப்போதைய சந்தையில் எடுபடவில்லை.

காரணத்தை ஏவி.எம்.மோடு ஒப்பிட்டால் விளங்கும். ஏ.வி. மெய்யப்பனும் சுந்தரம் பிறந்த அதே 1907இல் பிறந்தவர், வியாபாரக் குடும்பத்துக்காரர். 1945இல் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கி, போர்க்கால நெருக்கடியில் காரைக்குடிப் பக்கம் கொட்டகை போட்டு, 1947இல் ‘நாம் இருவர்’ எடுத்தார். அவரும் மாவட்டத்து முதலாளியாகவே இருந்திருக்கலாம். 1948இல் கோடம்பாக்கத்துக்கு மாறினார். அந்த ஒரு முடிவு அடுத்த அரை நூற்றாண்டைத் தீர்மானித்தது. 1950களின் பிற்பகுதியில் ஸ்டூடியோவுக்கு நடிகர் என்ற நிலை போய் நடிகருக்கு ஸ்டூடியோ என்றாயிற்று. காலையில் வாகினியில் ஒரு படம், மாலையில் ஏவி.எம்.மில் ஒரு படம் என்று கால்ஷீட் ஓடிய நாயகனைச் சேலத்துக்கு ஒரு மாதம் வரவழைப்பது எந்த முதலாளியாலும் ஆகிற காரியமாக இல்லை. இரண்டாவது காரணம் குடும்பத்துக்குள் இருக்கிறது. மெய்யப்பன் 1979இல் இறக்கும்போது அவருடைய பிள்ளைகள் பல ஆண்டுகளாகத் தயாரிப்பாளர்களாகவே பெயர் பெற்றிருந்தார்கள். அதனால் 1980இல் ‘முரட்டுக்காளை’யும் 1982இல் ‘சகலகலா வல்லவ’னும் தடையின்றி வந்தன. சேலத்தில் தயாரிப்பாளர், இயக்குநர், மேலாளர், சில சமயம் வில்லன் எல்லாம் ஒரே ஆள். அவர் போனதும் ஐந்தாறு நாற்காலிகள் ஒரே நாளில் காலியாயின.

அதற்குமேல் ஸ்டூடியோ என்ற ஏற்பாட்டுக்கே காலம் மாறியது. எடை குறைந்த கேமராக்கள் வந்தபின் 1970களின் இறுதியில் தமிழ் சினிமா வெளிப்புறங்களுக்குக் கிளம்பிற்று. 1977இல் ‘16 வயதினிலே’ ஓடியபின் பிளைவுட் கிராமத்தை எவரும் நம்பவில்லை. நாகிரெட்டியின் விஜயா வாகினி மருத்துவமனையாகவும் பின்னர் மாலாகவும் மாறியது. ஜெமினி ஒரு மேம்பாலத்தின் பெயரில் மட்டும் மிஞ்சிற்று. மாடர்ன் தியேட்டர்ஸ் 1980களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. ஸ்டூடியோ இருந்த நிலத்தில் வீடுகள் வந்துவிட்டன; ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு நிற்கிறது, வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வோர் உண்டு.

வளைவைக் காப்பாற்றுவது குறித்து அவ்வப்போது குரல் எழுகிறது. எழட்டும். அதைவிட அவசரமானது படங்களின் கதி. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ இன்று பார்க்கக் கிடைக்காது. சேலத்தின் முதல் படமான ‘சதி அகல்யா’வும் அப்படியே. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல், அதாவது சுந்தரம் இறந்த மறு ஆண்டு; அதற்குள் நைட்ரேட் பிலிம்கள் பல பொடிந்தும் எரிந்தும் வெள்ளிக்காக உருக்கப்பட்டும் போய்விட்டன. எஞ்சியவை பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள், ஸ்டில் படங்கள், பழைய தொழிலாளர் வீட்டுப் பரணில் கிடக்கும் சம்பளச் சீட்டுகள். சேலத்திலோ திருச்செங்கோட்டிலோ செஞ்சிப் பக்கத்து டூரிங் டாக்கீஸ் நடத்தியவர் வீட்டிலோ இப்படி ஒரு கட்டு இருந்தால், தயவுசெய்து அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப் பொருள்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது, அங்கே சேர்ப்பியுங்கள்.